பதினெட்டுப் பேரில் ஒருவரும் முதல் பேஸைத் தொடவில்லை



விடுமுறை தொடங்கியதும் நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: "பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க நல்ல படம் ஒன்று சொல்லுங்களேன்." கூடவே சின்ன நிபந்தனையும் இருக்கும். வெட்டு குத்து இருக்கக் கூடாது. பார்த்து முடித்ததும் பிள்ளை மனசில் ஏதாவது தங்க வேண்டும். இந்த முறை ஒரு படத்தின் பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல், அது எங்கே கைகூடியிருக்கிறது, எங்கே சறுக்கியிருக்கிறது என்பதையும் உங்களோடு பேசலாம் என்று நினைக்கிறேன். படத்தின் பெயர் 'தி பெர்ஃபெக்ட் கேம்'. 2010-ல் திரைக்கு வந்த அமெரிக்கப் படம். மெக்சிகோவின் மான்டெரே நகரத்துச் சிறுவர்கள் 1957-ல் பேஸ்பால் ஆடி ஜெயித்த உண்மைக் கதை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் பாதிதான் தேறுகிறது. அது எடுத்துக்கொண்ட கதையோ முழுசாகத் தேறுகிறது. நல்ல கதை கையில் இருக்கும்போது ஒரு இயக்குநருக்கு அதன்மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும் என்பதைத்தான் இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

பேஸ்பால் நம் வீடுகளில் பழகிய ஆட்டம் இல்லை. 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற பேஸ்பால் படத்துக்கு ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்ததால் சிலருக்கு அந்த ஆட்டத்தின் மேல் ஒரு கண் விழுந்திருக்கலாம். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஆட்டத்தைப் புரியவைப்பது சுலபம். பந்து வீசுபவர் பிட்சர். பந்து தரையில் குத்தாமல் நேராக வரும். மட்டை உருளையாக இருக்கும். சரியான இடத்தில் வரும் மூன்று பந்துகளை அடிக்காமல் விட்டாலோ, வீசித் தவறவிட்டாலோ ஆள் அவுட்; இதுதான் ஸ்ட்ரைக் அவுட். பிட்சர் நான்கு முறை தப்பான இடத்தில் போட்டால் அடிப்பவர் சும்மாவே நடந்து முதல் பேஸுக்குப் போகலாம். மைதானத்தில் நான்கு மூலைகள்; அவற்றைத்தான் பேஸ் என்பார்கள். அத்தனையையும் சுற்றி வந்தால் ஒரு ரன். கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளர் மெய்டன் ஓவர் போட்டால் கை தட்டுகிறோம். ஆட்டம் முழுக்க, எதிரணியில் ஒருவர்கூட அடித்தோ, நடந்தோ, ஃபீல்டரின் தவறாலோ முதல் பேஸுக்குப் போகாதபடி ஒரே பிட்சர் வீசி முடித்தால் அதற்குப் பெயர்தான் பெர்ஃபெக்ட் கேம்.

பெரியவர்களின் ஆட்டத்திலேயே இது எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு தகவல். அமெரிக்காவின் உலகத் தொடர் வரலாற்றில் ஒரே ஒருவர்தான் இதைச் செய்திருக்கிறார். நியூயார்க் யாங்கீஸின் டான் லார்சன், 1956 அக்டோபர் 8-ம் தேதி, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராக. அது நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1957 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட்டில் சிறுவர்களுக்கான லிட்டில் லீக் உலகத் தொடரின் இறுதி ஆட்டம். கலிஃபோர்னியாவின் லா மேசா அணிக்கு எதிராக ஏஞ்சல் மசியாஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் அதே காரியத்தைச் செய்தான். சிறுவர்களுக்கு ஆறு இன்னிங்ஸ். பதினெட்டுப் பேர் மட்டை பிடிக்க வந்தார்கள். பதினெட்டுப் பேரும் அவுட். அதில் பதினோரு பேர் ஸ்ட்ரைக் அவுட். மான்டெரே 4-0 என்று ஜெயித்தது. லிட்டில் லீக் இறுதி ஆட்டத்தில் அதற்கு முன்பும் பின்பும் இப்படி ஒன்று நடக்கவில்லை. அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்த ஓர் அணி அந்தக் கோப்பையை வென்றதும் அதுதான் முதல் முறை.

இன்னொரு விஷயத்தைக் கேட்டால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கண்ணை விரிப்பார்கள். ஏஞ்சலுக்கு இரண்டு கையும் பழக்கம். வலது கையாலும் வீசுவான், இடது கையாலும் வீசுவான். ஆனால் அந்த இறுதி ஆட்டத்தில் வலது கையை மட்டுமே பயன்படுத்தினான்.

மான்டெரே இரும்பு ஊர். 1900-ல் தொடங்கிய ஃபுண்டிடோரா உருக்காலைதான் அந்த நகரத்தைத் தூக்கி நிறுத்தியது. 1986-ல் ஆலையை மூடினார்கள். இன்று அது பெரிய பூங்கா. அந்த ஊரின் உழைப்பாளர் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள்தான் இந்த அணி. கல்லும் கண்ணாடிச் சில்லுமாகக் கிடந்த நிலத்தைத் தாங்களே பொறுக்கிச் சுத்தம் செய்து மைதானமாக்கினார்கள். செருப்பில்லாமல் ஆடிப் பழகினார்கள். அவர்களுடைய கனவு அணி புரூக்ளின் டாட்ஜர்ஸ். அதற்கும் ஒரு காரணம் உண்டு. டாட்ஜர்ஸின் புகழ்பெற்ற கேட்சர் ராய் காம்பனெல்லா, அமெரிக்கப் பெரிய லீக்கில் கறுப்பினத்தவருக்கு இடமில்லாத காலத்தில், மெக்சிகோ வந்து இதே மான்டெரேயின் சுல்தானேஸ் அணிக்காக ஆடியவர். அந்த ஊருக்கு அவர் அந்நியர் இல்லை.

இந்தப் பையன்கள் வில்லியம்ஸ்போர்ட் போகப் புறப்பட்டவர்கள் இல்லை. டெக்சாஸின் மெக்காலனில் முதல் சுற்று. ஜெயித்தால் அடுத்தது, தோற்றால் ஊர். தோற்றுத் திரும்பிவிடுவோம் என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. விசா மூன்று நாளுக்குத்தான். மாற்றுத்துணி ஒன்றிரண்டு. ரெய்னோசாவில் எல்லைப் பாலத்தை நடந்தே கடந்தார்கள். பிறகு ஜெயிக்கத் தொடங்கினார்கள். மெக்காலன், கார்பஸ் கிறிஸ்டி, ஃபோர்ட் வொர்த், கென்டக்கியின் லூயிவில் என்று பஸ்ஸில் போய்க்கொண்டே இருந்தார்கள். மூன்று நாள் நான்கு வாரமானது. தொடர்ந்து பதிமூன்று வெற்றி. விசாவை நீட்டிக்க அதிகாரிகள் தலையிட வேண்டியிருந்தது. பழகாத சாப்பாடு, வீட்டு நினைப்பு. அன்றைக்கு வீட்டுக்கு ஒரு போன் போடுவதுகூட அவர்களுக்குச் சாதாரணம் இல்லை.

வில்லியம்ஸ்போர்ட்டில் நடந்த ஒரு சின்ன விஷயம் என் மனசில் அப்படியே நிற்கிறது. இறுதிச் சுற்றுக்கு வரும் அணிகளுக்குப் போட்டி நடத்துபவர்களே சீருடை கொடுப்பார்கள். மான்டெரே பையன்களுக்குக் கொடுத்த சட்டையில் 'சவுத்' என்று எழுதியிருந்தது. தென்மண்டலத்தை வென்று வந்த அணி அல்லவா! ஏறக்குறைய எல்லாருக்கும் அது தொளதொளவென்று இருந்தது. அமெரிக்கப் பையன்களின் உடல்வாகுக்குத் தைத்த சட்டை. லா மேசா பையன்களின் சராசரி உயரம் 5 அடி 4 அங்குலம், எடை 57 கிலோவுக்கு மேல். மான்டெரே பையன்கள் 4 அடி 11 அங்குலம், 42 கிலோவுக்குள். ஏஞ்சல் ஐந்தடி உயரம், நாற்பது கிலோ. தோள் தொங்குகிற சட்டையோடு, கையை மடித்துவிட்டுக்கொண்டு அந்தப் பையன் பந்து வீசும் மேட்டில் ஏறி நின்று எதிரே பார்த்தபோது, தன்னைவிட உயரமான பையன்கள் மட்டையோடு வரிசையில் நின்றிருப்பார்கள். அரையிறுதியிலேயே கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட் அணியிடம் 2-1 என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தப்பி வந்த அணி இது. இறுதி ஆட்டத்திலும் நான்கு இன்னிங்ஸ் வரை இவர்களுக்கும் ரன் இல்லை. ஐந்தாவதில்தான் நான்கு ரன்னும் வந்தன. அதுவரை ஒரு சின்னத் தப்பு போதும், எல்லாம் போயிருக்கும்.

ஏழை, எளியவன், உருவத்தில் சின்னவன், பகையில்லாத எதிரி, கடைசி நாளில் அற்புதம். திரைக்கதை ஆசிரியர் உட்கார்ந்து யோசித்தால்கூட, "இது ரொம்ப அதிகம், யாரும் நம்ப மாட்டார்கள்" என்று கொஞ்சம் குறைத்திருப்பார். இப்படி எல்லாம் தானாகவே அமைந்த ஒரு கதை கையில் கிடைத்திருக்கிறது.

படத்தை இயக்கியவர் வில்லியம் டியர். 1994-ல் 'ஏஞ்சல்ஸ் இன் தி அவுட்ஃபீல்டு' என்ற பேஸ்பால் படத்தை எடுத்தவர். கதை, திரைக்கதை டபிள்யூ. வில்லியம் வினோக்கூர், அவரே இதைப் புத்தகமாகவும் எழுதினார். பயிற்சியாளர் சீசர் ஃபாஸாக கிளிஃப்டன் காலின்ஸ் ஜூனியர், பாதிரியார் எஸ்தேபானாகச் சீச் மாரின், ஏஞ்சலாக ஜேக் டி. ஆஸ்டின். படம் முடிந்தும் திரைக்கு வர நாளானது; வந்தபோதும் பெரிய கூட்டம் சேரவில்லை.

நன்றாக அமைந்ததை முதலில் சொல்கிறேன். பையன்கள். அவர்கள் ஒன்றாக இருக்கும் எல்லா நேரமும் படம் உயிரோடு இருக்கிறது. ஒருவனை ஒருவன் சீண்டுவது, பசி, பஸ் பயணம், புரியாத ஊரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வது எல்லாம் பிள்ளைகளுக்கே உரிய இயல்போடு வந்திருக்கின்றன. எல்லையை நடந்து கடக்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே யாரும் வசனம் பேசி நம்மை உருக்க வேண்டியதில்லை. சாலை, வெயில், கையில் பை, சின்னக் கால்கள் போதும். கிளிஃப்டன் காலின்ஸின் நடிப்பையும் சொல்லியாக வேண்டும். செயின்ட் லூயிஸில் பேஸ்பால் பயிற்சியாளராகும் கனவு, தான் மெக்சிகோக்காரன் என்பதாலேயே தட்டிப்போய், ஊர் திரும்பி உருக்காலையில் வேலை பார்க்கும் ஆள். ஆரம்பத்தில் இந்தப் பையன்கள் மேல் அவருக்கு அக்கறையே இல்லை. அந்த மனக்கசப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதை அவர் முகத்தைச் சுளித்தோ கத்தியோ காட்டவில்லை. பையன்களைப் பார்க்கும் பார்வையில் காட்டுகிறார்.

ஆனால் படத்துக்கு இந்தப் பையன்கள் போதவில்லை. ஏஞ்சலின் அப்பாவுக்கு ஒரு சோகம் வேண்டியிருக்கிறது: மூத்த மகனை இழந்தவர், இளையவனை ஏறெடுத்தும் பார்க்காதவர். பயிற்சியாளருக்கு ஒரு காதல். செய்தி எழுத வரும் இளம் பத்திரிகையாளருக்கு, இந்த வேலையை வேண்டாவெறுப்பாக ஏற்று மெல்ல மனம் மாறும் ஒரு தனிக்கதை. பாதிரியாருக்கு இடையிடையே சிரிப்பு மூட்டும் பொறுப்பு. இந்த ஒவ்வொன்றும் வரும்போது பையன்கள் பின்னால் போய்விடுகிறார்கள். நான்கு வாரத்தில் பதிமூன்று ஆட்டம் ஆடிய அணி எப்படி ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் கூடக் கற்றுக்கொண்டது, யார் எந்த இடத்தில் நின்றார்கள், எந்த வீச்சு எப்படிக் கைவந்தது என்பதைப் பார்க்க ஆசைப்பட்டு உட்கார்ந்தால், படம் அவசரமாக ஸ்கோரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கண்ணீருக்குப் போகிறது. அப்பா-மகன் கதை தனியாக ஒரு நல்ல படமாக இருந்திருக்கலாம். இங்கே அது, ஏஞ்சல் ஜெயிக்க வேண்டியதற்கு ஒரு காரணம் தேடித் தருவதற்காக வந்தது போல இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையன் நன்றாக ஆட ஆசைப்படுவதற்கு ஆட்டத்தின் மேல் இருக்கும் பிரியமே போதுமே!

மொழியும் உறுத்துகிறது. மான்டெரேயின் வீட்டுக்குள்ளும் தெருவிலும் எல்லாரும் ஸ்பானிஷ் வாடையோடு ஆங்கிலம் பேசுகிறார்கள். அமெரிக்க ரசிகர்களுக்கு எழுத்து வாசிக்கும் சிரமம் வேண்டாம் என்று செய்திருக்கலாம். விளைவு என்னவென்றால், எல்லையைத் தாண்டியதும் அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட மிகப் பெரிய தனிமை படத்தில் இல்லாமல் போய்விட்டது. சுற்றிலும் புரியாத பேச்சு, பசிக்கிறது என்று சொல்லத் தெரியாத நிலை. அதுதானே அவர்களை ஒருவரோடு ஒருவர் அப்படி ஒட்ட வைத்தது.

பிரார்த்தனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பையன்கள் ஆழ்ந்த கத்தோலிக்க பக்தி உள்ள குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஆட்டத்துக்கு முன் ஆசி பெறுவது அவர்களுக்கு உண்மையிலேயே முக்கியம். படம் அதை மதிப்போடு காட்டுகிறது, எனக்கு அதில் குறையில்லை. குறை எங்கே என்றால், பல இடங்களில் வெற்றிக்குப் பிரார்த்தனையும் நம்பிக்கையும் மட்டுமே காரணம் என்ற எண்ணம் பார்ப்பவர் மனசில் விழுகிறது. கல் பொறுக்கிய கைகள், விடாமல் நடந்த பயிற்சி, வலதும் இடதும் மாறி மாறி வீசிப் பழகிய உழைப்பு, விசாவுக்காக அலைந்த பெரியவர்கள், வழியில் சோறு போட்டுத் தங்க இடம் கொடுத்த முகம் தெரியாத குடும்பங்கள் என்று அந்த வெற்றிக்குப் பின்னால் எத்தனையோ பேர். "நம்பினால் நடக்கும்" என்று மட்டும் ஒரு பிள்ளையிடம் சொன்னால், அடுத்த முறை நடக்காதபோது தன் நம்பிக்கையில்தான் குறை என்று அது நினைத்துக்கொள்ளும். எனக்கு அதுதான் கவலை.

நிறவெறியைக் காட்டும் இடங்களில் படத்தின் மனசு நல்ல இடத்தில் இருக்கிறது. 1957-ன் அமெரிக்கத் தென்பகுதி அது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் லிட்டில் ராக்கில் கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் அழைத்துப் போக ராணுவம் வர வேண்டியிருந்தது. மான்டெரே பையன்களும் உணவகங்களில் முகச்சுளிப்பைச் சந்தித்தார்கள். படத்தில் மறைந்த நடிகர் லூயிஸ் காசெட் ஜூனியர், 'கூல் பாப்பா' பெல்லாக வந்து போகிறார். நிஜ வாழ்க்கையில் பெல், கறுப்பினத்தவருக்கான தனி லீக்குகளில் ஓட்டத்துக்குப் பேர்போனவர். முப்பதுகளின் கடைசியில் மெக்சிகோவுக்கு வந்து நான்கு பருவம் ஆடினார். தன் நாட்டில் கிடைக்காத மரியாதை மெக்சிகோவில் கிடைத்த தலைமுறை அது. அந்தச் சிறு காட்சியைப் பார்க்கும்போது இதைத் தெரிந்து வைத்திருந்தால் அதன் கனம் கூடும். படம் அதைச் சொல்லாமலே கடந்துவிடுகிறது.

லிட்டில் லீக்கிலேயே அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது ஒன்று உண்டு. படத்தில் வராது, ஆனால் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 1955-ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலிருந்து கேனன் ஸ்ட்ரீட் ஒய்.எம்.சி.ஏ. என்ற கறுப்பினச் சிறுவர்களின் அணி பதிவு செய்துகொண்டது. அவர்களோடு ஆட மாட்டோம் என்று அந்த மாநிலத்தின் வெள்ளையர் அணிகள் ஒட்டுமொத்தமாக விலகிக்கொண்டன. ஆடாமலே சாம்பியன் ஆனதால், ஆடி ஜெயிக்காத அணிக்கு மேலே போக விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வில்லியம்ஸ்போர்ட்டுக்கு விருந்தினராக மட்டும் அழைத்தார்கள். அந்தப் பையன்கள் பஸ்ஸில் அவ்வளவு தூரம் போய், மைதானத்தில் சிறிது நேரம் பயிற்சி செய்துவிட்டு, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தார்கள். "அவர்களை ஆட விடுங்கள்" என்று கூட்டத்திலிருந்து குரல் எழுந்தது. யாரும் ஆட விடவில்லை. மான்டெரே பையன்கள் கோப்பை வாங்கிய அதே மைதானத்தில் இரண்டே ஆண்டுகளுக்கு முன் இது நடந்திருக்கிறது. இந்த இரண்டு கதையையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு, திறமை இருந்தால் மட்டும் போதாது, கதவைத் திறந்துவிடவும் யாராவது வேண்டும் என்பது புரியும்.

சினிமா ஆர்வமுள்ள வாசகர்களுக்காக ஒன்று. இந்தக் கதை படமானது இது முதல் முறை இல்லை. வெற்றி கிடைத்து ஆறிப்போவதற்கு முன்பே மெக்சிகோவில் 'லோஸ் பெகேன்யோஸ் ஹிகாந்தேஸ்' என்ற படம் எடுத்தார்கள். இயக்கியவர் ஹியூகோ பட்லர். கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் வைத்ததால் குடும்பத்தோடு மெக்சிகோவுக்குப் போன திரைக்கதை ஆசிரியர். அந்தப் படத்தில் மான்டெரே பையன்கள் தாங்களே தாங்களாக நடித்தார்கள். அமெரிக்காவில் வேலை மறுக்கப்பட்ட ஒருவர், அந்த நாட்டுக்குப் போய் ஜெயித்து வந்த பிள்ளைகளைப் படமெடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. பையன்கள் பந்து வீசும் விதத்தை நடித்துக் காட்டச் சொல்லித்தர வேண்டிய அவசியம் அவருக்கு இருந்திருக்காது.

ஊக்கமூட்டும் விளையாட்டுப் படங்கள் எல்லாமே கடைசி அவுட்டோடு முடிந்துவிடும். பிட்சரைத் தோளில் தூக்குவார்கள், இசை உயரும், பெயர்கள் ஓடத் தொடங்கும். எனக்கு எப்போதும் அடுத்த நாள் காலையைப் பற்றித்தான் கேட்கத் தோன்றும்.

மான்டெரே பையன்களுக்கு அடுத்த சில நாட்கள் கனவு போலத்தான் இருந்தன. நியூயார்க்குக்கு அழைத்துப் போனார்கள். தங்கள் கனவு அணியான டாட்ஜர்ஸை நேரில் பார்த்தார்கள். அடுத்த மாதமே டாட்ஜர்ஸ் புரூக்ளின் மைதானத்தில் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஊர் மாறியது; கொஞ்சம் தாமதமாகியிருந்தால் அந்தக் காட்சி கிடைத்திருக்காது. வாஷிங்டனில் அதிபர் ஐசனோவர் வரவேற்றார். மெக்சிகோ சிட்டியில் அதிபர் அடோல்ஃபோ ரூயிஸ் கோர்டினெஸ் வரவேற்றார். மான்டெரேயில் ஊரே தெருவுக்கு வந்தது.

அதன் பிறகு? அரசு அந்தப் பையன்களின் மேல்படிப்புக்கு உதவித்தொகை அறிவித்தது. ஆனால் பெரும்பாலான பையன்களால் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியவில்லை. வீட்டுக்குப் பிள்ளையின் சம்பளம் தேவைப்பட்டது. உலகம் கொண்டாடிய கைகள் வேலைக்குப் போயின. ஏஞ்சல் மசியாஸ் பதின்ம வயதிலேயே, புதிதாகத் தொடங்கிய லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ் அணியின் அமைப்பில் இடம் பிடித்தார். பெரிய லீக் வரை போகவில்லை. பிறகு மெக்சிகன் லீக்கில் ஆடினார். 1957-ன் அந்தச் சிறுவர் அணியில் ஆடிய ஹோசே மாயிஸ், குடும்பத்தின் கட்டுமானத் தொழிலில் வளர்ந்து, பின்னாளில் சுல்தானேஸ் அணிக்கே உரிமையாளரானார். காம்பனெல்லா ஆடிய அதே சுல்தானேஸ்! இவ்வளவும் படத்துக்கு வெளியே கிடக்கிறது. பெர்ஃபெக்ட் கேம் வீசிய பிள்ளைகளுக்கே படிப்பைத் தொடர வழி இல்லாமல் போனது என்பதைச் சொன்னால் படத்தின் உற்சாகம் குறைந்துவிடும் என்று பயந்திருக்கலாம். என்னைக் கேட்டால், அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பையன்கள் மேல் நமக்கு மரியாதை இன்னும் கூடியிருக்கும். பன்னிரண்டு வயதில் அவ்வளவு உயரத்தைத் தொட்டுவிட்டு, மறுபடி சாதாரண வாழ்க்கைக்கு இறங்கி வந்து நேர்மையாக உழைத்துப் பிழைப்பதற்கும் பெரிய மனசு வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துவிட்டு மறுநாளே பிள்ளையை அதிகாலையில் எழுப்பி மைதானத்துக்கு விரட்டும் வேகம் நம்மில் பலருக்கு வரும். பன்னிரண்டு வயதுப் பையனின் தோளும் முழங்கையும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பு. ஓய்வில்லாமல் வீசினால் வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு தரும் காயம் வரலாம். இது தெரிந்துதான் லிட்டில் லீக்கே 2007 முதல் ஒரு பிட்சர் ஒரு நாளில் எத்தனை பந்து வீசலாம் என்று எண்ணிக்கைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பதினொன்று, பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு 85. நிறைய வீசினால் அடுத்து சில நாள் கட்டாய ஓய்வு. நம் ஊரில் வேகப்பந்து வீசும் பிள்ளைகளுக்கும் முதுகும் தோளும் அதே எலும்புதான். படத்தில் வரும் பயிற்சியாளர் கண்டிப்பானவர், ஆனால் பையன்கள் சோர்ந்திருக்கும்போது அதைக் கவனிக்கத் தெரிந்தவர். அந்த இடங்களைப் பிள்ளைகளைவிட நாம்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இதே வகையில் மற்ற படங்களும் இருக்கின்றன. 1976-ல் வந்த 'தி பேட் நியூஸ் பேர்ஸ்' படத்தில் பிள்ளைகள் இறுதி ஆட்டத்தில் தோற்கிறார்கள். தோற்ற பின்பும் அவர்களுக்குள் இருக்கும் மிடுக்கு குறைவதில்லை. பேச்சு கொஞ்சம் கரடுமுரடு என்பதால் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். 1993-ன் 'தி சாண்ட்லாட்' படத்தில் கோப்பையே கிடையாது. ஒரு கோடைகாலம் முழுக்கப் பையன்கள் காலி மனையில் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான். சினிமாவாகப் பார்த்தால் இரண்டுமே 'தி பெர்ஃபெக்ட் கேம்' படத்தைவிட ஒரு படி மேல். இருந்தும் இந்த விடுமுறைக்கு நான் மான்டெரே பையன்களையே சொல்கிறேன். அந்த இரண்டும் கற்பனை. இது நடந்தது. இருக்கிற குறைகளையெல்லாம் தாண்டி, கடைசிப் பகுதியில் அந்தச் சின்னப் பையன் மேட்டில் ஏறி நிற்கும்போது படம் தன் கதையிடம் முழுசாகத் தன்னை ஒப்படைத்துவிடுகிறது. என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்தே பார்த்தும், ஒவ்வொரு ஆளும் அவுட் ஆகும்போது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த இடத்தில் படம் ஜெயித்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

படத்தைப் பார்க்கும் முன் பேஸ்பால் விதிகளைப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுங்கள். இல்லாவிட்டால் இறுதி ஆட்டத்தில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பார்கள். பார்த்து முடித்ததும் டி.வி.யை அணைத்துவிட்டு, உதவித்தொகை கிடைத்தும் படிக்கப் போக முடியாத அந்தப் பையன்களைப் பற்றியும், ஆட விடாமல் உட்கார வைத்த கேனன் ஸ்ட்ரீட் பையன்களைப் பற்றியும் நீங்களே சொல்லுங்கள். பிறகு பிள்ளைகளை நமக்கு எழுதச் சொல்லுங்கள். எங்கே சிரித்தார்கள், எங்கே சலிப்புத் தட்டியது, அப்பா-மகன் சண்டை பிடித்திருந்ததா, ஏஞ்சல் இடது கையாலும் வீசியிருக்கலாம் என்று தோன்றியதா, எதுவானாலும் சரி. எழுத்துப்பிழை இருந்தாலும் பெரியவர்கள் திருத்த வேண்டாம். வரும் கடிதங்களை அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன். அந்த மாதம் நான் எழுதப் போவதில்லை.

அன்புடன்,
ஆசிரியர்